கட்டைவிரல் காட்டாதீர்கள்

ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா அட்டை வாங்கிவந்த மனிதரிடம் தப்பித்தவறிக்கூடக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடாதீர்கள். நீங்கள் 'சூப்பர்' என்று சொல்ல நினைத்திருப்பீர்கள். அவர் முகம் சுண்டிவிடும். "தண்ணிக்குள்ள அதுக்கு 'மேலே போவோம்'னு அர்த்தம் சார். சரின்னா இப்படி" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து நீட்டுவார். மிச்ச மூன்று விரல்களும் விறைத்து நிற்கும். நீங்களும் அதே வட்டத்தைத் திருப்பிக் காட்டும்வரை கையை இறக்கமாட்டார். கடலுக்குள் கேள்வியும் அதே வட்டம்தான், பதிலும் அதே வட்டம்தான். பதில் வரவில்லை என்றால் எதிரே இருப்பவருக்கு ஏதோ ஆபத்து. நாம் நிற்பதோ சைதாப்பேட்டை டீக்கடை வாசலில்.

கல்யாணப் பந்தியில் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. சாம்பார் வாளியோடு வந்த பையன் "போதுமா சார்?" என்றான். இவர் வட்டம் காட்டினார். பிரமாதம் என்று பாராட்டுகிறார் போலிருக்கிறது என்று அவன் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினான். இவர் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். 'ஏதோ சரியில்லை' என்பதற்கு அதுதான் சைகை. பையன் கரைத்துக்கொள்ள ரசம் கேட்கிறார் என்று நினைத்து ரசக்காரரைக் கூப்பிட்டான். இலையில் வெள்ளம். கடைசி முயற்சியாகக் கழுத்துக்குக் குறுக்கே கையால் ஒரு வெட்டு வெட்டினார். கடலுக்குள் அதற்குக் 'காற்று தீர்ந்துவிட்டது' என்று பொருள். எதிர்ப்பந்தியில் இருந்த மாப்பிள்ளையின் தாய்மாமா அதற்கு என்ன பொருள் எடுத்துக்கொண்டார் என்பதை விசாரித்துச் சமாதானம் செய்வதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் எது போட்டாலும் நாங்கள் எல்லோரும் கட்டைவிரல் போடுவோம். இவர் மட்டும் வட்டம். ஒருமுறை மேலாளரே கட்டைவிரல் போட, "எதுக்கு சார் மேலே போகணும்?" என்று எழுதினார். இன்கிரிமென்ட் மாதம் அது. யாருடைய சம்பளம் மேலே போகவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று வாய்தவறிச் சொன்னால், அமுக்கி அடைத்த வெறும் காற்று என்று கால்மணி நேரம் வகுப்பு நடக்கும். பல முறை மூழ்கியபின் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது, உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும் என்பதைக் கிளாம்பாக்கத்தில் திருச்சி பஸ் ஏறும்போதும் சொல்வார்.

இருந்தாலும் ஒன்று. மெரினாவில் முழங்கால் நனைந்தாலே பின்வாங்குகிற மனிதர் இவர். அந்த அட்டை சும்மா கிடைப்பதில்லை. 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், நான்கு முறை கடலில் இறங்க வேண்டும். தண்ணீருக்கடியில் முகக்கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, அண்ணாந்து பார்த்து மூக்கால் ஊதி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மூக்கில் உப்புநீர் ஏறும்போது மேலே பாய்ந்துவிடு என்று உடம்பு அலறும். பாயக்கூடாது, மூச்சையும் அடக்கக்கூடாது. தலை நரைத்தபின் இதையெல்லாம் செய்திருக்கிறார். முதல் நாள் மூக்கைப் பிடித்து எவ்வளவு ஊதியும் காதடைப்பு விடாமல், படகிலேயே உட்கார்ந்து அழுதாராம். இது அவர் மனைவி சொன்னது. அவர் சொல்லமாட்டார். அதைச் சொல்லியிருந்தால் அவருடைய மற்ற கதைகளையும் கொஞ்சம் பொறுமையோடு கேட்டிருப்பேன்.

ஆனால் ஜோடி ஜோடி என்று அவர் பேசும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூட இறங்குகிறவரை விட்டு நகரக்கூடாதாம், அவரிடம் எவ்வளவு காற்று மிச்சம் என்று அடிக்கடி கேட்க வேண்டுமாம், அவருக்குத் தீர்ந்தால் நம் காற்றைப் பகிர வேண்டுமாம். இவ்வளவு படித்தவர், ஆடிட் வாரத்தில் அத்தனை ஃபைலையும் பக்கத்து மேஜைக்காரன் தலையில் கட்டிவிட்டுத்தான் அந்தமானுக்குப் பறந்தார். பக்கத்து மேஜை என்னுடையது. அந்த வாரம் முழுக்க நான் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. என்னிடம் எவ்வளவு காற்று மிச்சம் என்று ஒரு போன்கூட வரவில்லை. ஆமையோடு எடுத்துக்கொண்ட படம் மட்டும் வந்தது.

இப்போதைய அட்டைக்கு 18 மீட்டர் ஆழம்தான் எல்லை. 30 மீட்டருக்கான பயிற்சிக்கு ஜனவரியில் போகிறாராம், விடுப்பு எழுதிக்கொடுத்தாயிற்று. டிரைவிங் லைசென்சையாவது புதுப்பிக்க வேண்டும், இந்த அட்டைக்குக் காலாவதித் தேதியே கிடையாது.