ரேகை விழாத கோடிகள்

2020 பிப்ரவரி 5. நெய்வேலி சுரங்கப் பகுதியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. வருமான வரித்துறை அதிகாரிகள் காரில் வந்து இறங்கி, நடிகர் விஜய்யை விசாரணைக்குச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். விசாரணை முடிந்து அவர் நெய்வேலிக்குத் திரும்பியதும், வேன் மேல் ஏறி, திரண்டு நின்ற கூட்டத்தோடு ஒரு செல்ஃபி எடுத்தார். ஊருக்கு ஞாபகம் இருப்பது அந்த செல்ஃபிதான்.

ஞாபகம் இருந்திருக்க வேண்டியது வேறு. அதே சோதனையில் ஒரு சினிமா ஃபைனான்சியரின் இடங்களிலிருந்து கணக்கில் வராத 77 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டதாக வருமான வரித்துறையே அறிவித்தது. மறைத்த தொகை மொத்தம் 300 கோடியைத் தாண்டும் என்றும் சொன்னது.

பான் கார்டையும் ஆதாரையும் முடிச்சுப் போட்ட, வருமான வரிச் சட்டத்தின் 139ஏஏ பிரிவு அப்போது அமலுக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. தேசத்தின் பத்து விரல்களும் இரண்டு கண்களும் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருந்தன. ஆனாலும் அந்த 77 கோடிக்காக எந்தக் கம்ப்யூட்டரும் மணி அடிக்கவில்லை. அதிகாரிகள் நேரில் போய், கதவைத் தட்டி, பூட்டைத் திறந்து எண்ண வேண்டியிருந்தது. ஆதார் வருவதற்கு முன்னாலும் அப்படித்தான் பிடித்தார்கள். நோட்டுக்கட்டுக்கு விரல் கிடையாது, விரல் இல்லாததற்கு ரேகை கிடையாது என்கிற உண்மை டெல்லியில் இன்னும் யாருக்கும் எட்டவில்லை போலிருக்கிறது.

2017-இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 139ஏஏ பிரிவை எதிர்த்த பினாய் விஸ்வம் வழக்கு. போலி பான் கார்டுகளை ஒழிக்க, கறுப்புப் பணத்தை மடக்க, ஆதாரை விட்டால் வழியில்லை என்றது அரசு. தன் உடம்பின் மேல் யாருக்கும் முழு உரிமை கிடையாது என்று வாதாடினார் அன்றைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி. சரி, எத்தனை போலிகள்? 11.35 லட்சம். அதில் தனிநபர்களுடையவை 10.52 லட்சம். நாட்டில் அப்போது இருந்த பான் கார்டுகளோ 24 கோடிக்கு மேல். தனிநபர் போலிகளைக் கணக்கிட்டால் ஆயிரத்துக்கு நாலு. இது அற்பமான எண்ணிக்கை அல்ல என்று நீதிமன்றம் தலையசைத்தது. நாலு பேரைத் தேட மிச்சம் 996 பேர் விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கொசு அடிக்கச் சுரங்கத்திலிருந்து பக்கெட் வீல் இயந்திரத்தை ஓட்டி வந்த கதைதான்.

2018 செப்டம்பர் 26-இல் வந்த ஆதார் தீர்ப்பு இன்னும் விசேஷம். வங்கிக் கணக்குக்கு ஆதார் கட்டாயமில்லை, சிம் கார்டுக்குக் கட்டாயமில்லை என்று சொன்ன நாலு நீதிபதிகள், பான் கார்டைக் கட்டிப்போட்டபடியே விட்டுவிட்டார்கள். ஐந்தாமவரான நீதிபதி சந்திரசூட், ஆதார் சட்டத்தைப் பண மசோதா என்று பெயர் சூட்டி மாநிலங்களவையைத் தாண்டி நிறைவேற்றியதே அரசியல் சாசனத்தின் மீது செய்த மோசடி என்று எழுதினார். மோசடியை ஒழிக்க வந்த சட்டம் பிறந்த விதத்துக்கு ஒரு நீதிபதி கொடுத்த நற்சான்று அது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். நெய்வேலியில் ஒருவன் வரி ஏய்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் என்ன செய்வான்? சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யில் நிரந்தரத் தொழிலாளி என்றால் சம்பளம் அவன் கைக்கு வருவதற்கு முன்பே வரி பிடித்தமாகி டெல்லிக்குப் போய்விடும். ஏய்ப்பதென்றால் கணக்குப் பிரிவுக்குள் புகுந்து தன் சம்பளத்தைத் தானே திருடினால்தான் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் வருமான வரி கட்டும் அளவுக்குக் கூலியே வராது. ஆனால் சோப்பிலும் பிஸ்கட்டிலும் ஜி.எஸ்.டி. கட்டிவிட்டுத்தான் கடையை விட்டு வெளியே வருவான். வரி ஏய்க்க வாய்ப்பே இல்லாத ஊர் ஒன்றை இந்தியாவில் தேடினால், பழுப்பு நிலக்கரி வெட்டும் இந்த ஊர் முதல் வரிசையில் நிற்கும். ஆகவே இந்த ஊர்க்காரர்களின் விரல்தான் முதலில் தேவைப்பட்டிருக்கிறது!

விரலுக்கு முன்னால் இன்னொரு கண்டம் உண்டு. அதன் பெயர் இனிஷியல். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு காலம் தள்ளுகிறவன். ஆதாரில் ‘கு. முருகன்’. பான் விண்ணப்பமோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். விரித்தால் ‘முருகன் குப்புசாமி’. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு மகன் வேறு, அப்பனும் மகனும் சேர்ந்த ஆள் வேறு. பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். பனாமா ஆவணங்கள் 2016-இல் வெளியானபோது, வெளிநாட்டில் கம்பெனி வைத்திருந்த ஏறக்குறைய 500 இந்தியர்களின் பெயர்கள் எழுத்துப் பிசகாமல் அதில் இருந்தன. அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். ஆளைத் தெரிந்துகொள்ள அவர்கள் யாருடைய விரலையும் கேட்கவில்லை.

இந்திரா நகரில் ஒரு சேவை மையம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கே குடிவந்த ஒரு பெரியவர் வருகிறார். இரண்டாம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு ஆயுசைக் கழித்தவர். ஓய்வுக்காலப் பணத்தை டெபாசிட் போட்டு வட்டியில் சாப்பிடுகிறார். வட்டியில் வங்கி 10 சதவீதம் பிடித்தாலே அதிகம். அவர் வருமானத்துக்கு வரியே கிடையாது, 15எச் படிவம் கொடுத்தால் பிடித்தமே இருக்கக் கூடாது. ஆனால் வங்கி 20 சதவீதம் பிடித்திருக்கிறது. கேட்டால், “உங்க பான் செயலிழந்துடுச்சு சார், 15எச் வாங்க முடியாது” என்றார்களாம். செயலிழந்தது பான் கார்டா, தானா என்று தெரியாமல் வந்து நிற்கிறார்.

“பேர்ல ஒரு எழுத்து இடிக்குது ஐயா. ரேகை வெச்சா சரிபண்ணிடலாம்” என்கிறாள் மிஷின் முன்னால் இருக்கும் பெண்.

வலது பெருவிரல். சிவப்பு விளக்கு.

“விழல. கையத் தொடைச்சிட்டு வைங்க.”

வேட்டியில் துடைக்கிறார். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. இடது கை. சிவப்பு. அவள் ஒரு துளி எண்ணெய் தேய்த்துவிட்டுப் பார்க்கிறாள்.

“தேஞ்சி போச்சும்மா. பெல்ட்டுல வேல பாத்த கை. இருந்த ரேகய எல்லாம் கரியில வெச்சிட்டு வந்துட்டேன்” என்கிறார் பெரியவர்.

“நாளைக்கி காலைல வெயிலுக்கு முன்ன வாங்க. சில பேருக்கு அப்ப விழுது.”

உழைத்துத் தேய்ந்த கையை அடையாளம் தெரியவில்லை என்று சொல்வதற்கு ஓர் இயந்திரம். அந்த இயந்திரத்தைத் தேசத்தின் பெருமை என்று சொல்வதற்கு ஓர் அரசு. அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு 88 சதவீதம்தான் வெற்றி என்று 2018-இல் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதே வழக்கில், ஆதார் தகவல்களெல்லாம் 13 அடி உயரம், 5 அடி கனமுள்ள சுவருக்குள் பத்திரமாக இருக்கின்றன என்றார் அப்போதைய அட்டர்னி ஜெனரல் வேணுகோபால். நம் ரேகைக்கு 5 அடிச் சுவர். நம் வட்டிக் காசுக்கு ஒரு தட்டி மறைப்புகூட இல்லை.

இணைக்காத குற்றத்துக்கு அபராதம் உண்டு, அதற்குத் ‘தாமதக் கட்டணம்’ என்று மரியாதையான பெயர். 2022 ஏப்ரலில் 500 ரூபாய், ஜூலையில் 1,000. 2023 ஜூலை 1 முதல் இணைக்காத பான் செயலற்றது. 1,000 ரூபாய் கட்டிவிட்டு, உயிர் வருவதற்கு முப்பது நாள் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ரீஃபண்டு கிடையாது, தாமதத்துக்கு வட்டியும் கிடையாது. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அரசு ஒரு கணக்குச் சொன்னது: இன்னும் இணைக்காதவை 11.48 கோடி பான் கார்டுகள். ஏழு மாதத்தில் இணைத்தவர்களிடம் வசூலான கட்டணம் 601.97 கோடி ரூபாய்.

வரி ஏய்ப்பவனைப் பிடிக்கப் போட்ட திட்டம் வரி ஏய்க்காதவனிடம் 600 கோடி கறந்திருக்கிறது. தொழிலாளர் வைப்பு நிதியின் பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் 2014-லிருந்து மாதம் 1,000 ரூபாய். அந்தக் கட்டணமும் 1,000 ரூபாய். ஒரு மாதப் பட்டினியைத் துல்லியமாக அளந்து விலை வைத்த அந்த அதிகாரிக்குப் பத்ம விருது கொடுத்தாலும் தகும்.

இந்த இணைப்பிலிருந்து சட்டமே விலக்களித்தவர்களும் உண்டு. வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் உண்டு, இந்தியக் குடிமகன் அல்லாதவர்கள் உண்டு. எல்லாருக்கும் மேலாகக் கம்பெனி இருக்கிறது. கம்பெனிக்குப் பான் உண்டு, லாபம் உண்டு, தேர்தலில் ஆசாபாசம் உண்டு. பெருவிரல் மட்டும் இல்லை. ஆகவே ஆதாரும் இல்லை.

அந்த ஆசாபாசத்துக்கும் ஒரு சட்டம் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அது வேறு சட்டம் இல்லை. உங்கள் பான் கார்டுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கிய அதே 2017 நிதிச் சட்டம்தான் தேர்தல் பத்திரத்துக்கும் கதவைத் திறந்தது. கம்பெனிகள் லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிக்குக் கொடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பை எடுத்ததும் அதுதான். எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டத் தேவையில்லை என்றதும் அதுதான். ஒரே புத்தகத்தில் ஒரு பக்கம் கன்வேயர் தொழிலாளியிடம் “விரலைக் காட்டு” என்கிறது. இன்னொரு பக்கம் கோடீஸ்வரனிடம் “முகத்தைக் காட்ட வேண்டாம், சங்கடப்படாதீர்கள்” என்கிறது. இப்படிப் பத்திரம் விட்டால் கறுப்புப் பணம் வெளுக்க வழியாகும் என்று ரிசர்வ் வங்கி அந்த ஜனவரியிலேயே எச்சரித்தது. கேட்க ஆளில்லை.

2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் பத்திரத் திட்டத்தை ரத்து செய்வதற்குள் 16,000 கோடிக்கு மேல் விற்றுத் தீர்ந்திருந்தது. பாதிக்கு அருகில் பா.ஜ.க.வுக்குப் போனது. பத்திரம் வாங்கியதில் முதலிடம் மார்ட்டினின் லாட்டரி நிறுவனத்துக்கு, 1,368 கோடி. அதில் 509 கோடியைத் தான் வாங்கியதாகத் தி.மு.க.வே தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. லாட்டரி விற்பதை 2003-இலேயே தடை செய்த மாநிலம் இது. லாட்டரிச் சீட்டு விற்றால் போலீஸ் பிடிக்கும். லாட்டரிப் பணத்தில் கட்சி நடத்தினால் மேடையில் மாலை விழும். டெல்லியைத் திட்டுகிறவர்கள் தங்கள் பங்கைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துக்கொண்டு திட்டுவது நல்லது.

ஏய்த்தால்தான் பாவம், கேட்டு வாங்கிக்கொண்டால் புண்ணியம் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனி வரியின் அடிப்படை விகிதம் 30 சதவீதத்திலிருந்து 22 ஆனது. அதனால் ஆண்டுக்கு அரசு இழப்பது 1.45 லட்சம் கோடி என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தம் வாயாலேயே சொன்னார். முப்பது நாள் காத்திருக்கச் சொல்லவில்லை. இனிஷியல் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. ஒரு செய்தியாளர் கூட்டத்தில் முடிந்துபோன காரியம்.

ஆதார் வந்தால் பினாமி ஒழிவான் என்றார்கள். கூலிக்காரர்களிடம் கடன் வாங்கித் தருகிறேன் என்று ஆதாரையும் பானையும் வாங்கிப் போய், அவர்கள் பெயரில் போலி நிறுவனம் பதிந்து, ஜி.எஸ்.டி. மோசடி செய்கிறவர்களைப் பற்றி நாளிதழ்களில் படிக்கிறோம். பாவம், கூலிக்காரர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் பாக்கி என்று நோட்டீஸ் வரும்போதுதான் தான் முதலாளி என்பதே அவருக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் பினாமிக்குக் கள்ளக் கையெழுத்து வேண்டியிருந்தது. இப்போது அசல் எண்ணே கிடைக்கிறது, அரசாங்க முத்திரையோடு.

நிதி அமைச்சகத்துக்குச் சில யோசனைகள். கம்பெனி லாபத்தை மறைத்தால் அதன் தலைவரை இந்திரா நகர் சேவை மையத்துக்கு அனுப்புங்கள். வலது பெருவிரலில் தொடங்கட்டும். விழாவிட்டால் எண்ணெய் தேய்க்க அங்கே ஆள் இருக்கிறது. விழும்வரை கம்பெனியின் பான் செயலற்றது என்று அறிவியுங்கள். கட்சிக்கு நன்கொடை கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து கண் விழியைப் படமெடுத்துக்கொண்டு இணையத்தில் போடட்டும். அமைச்சர்கள் ஆண்டுக்கொருமுறை தங்கள் சொத்துக் கணக்கோடு ரேகை வைத்துத் தாங்கள் உயிரோடும் நேர்மையோடும் இருப்பதை நிரூபிக்கட்டும். பென்ஷன்காரர்கள் நவம்பர் தோறும் முதல் பாதியைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

செய்ய மாட்டார்கள். ஆகவே செய்ய வேண்டியது நாம்தான். பான் செயலிழந்தவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. 20 சதவீதம் பிடிக்கப்பட்டவர்கள் கார்டைச் சரிசெய்து, ரிட்டர்ன் போட்டு, ஒவ்வொரு ரூபாயையும் கேட்டு வாங்குங்கள். தொழிற்சங்கங்கள் போனஸுக்குக் கொடுக்கும் குரலில் பாதியை அந்த 1,000 ரூபாய்க் கட்டணத்துக்கு எதிராகவும் கொடுக்கட்டும். அடுத்த தேர்தலில் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ஊருக்குள் வருகிறவர் எந்தக் கட்சியானாலும் நிறுத்திக் கேளுங்கள்: “பத்திரத்தில் உங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் யார், பதிலுக்கு அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்?” பதில் சொல்லாமல் போகிறவருக்கு உங்கள் ஓட்டையும் செயலற்றதாக்கிவிடுங்கள்.