ஜினீவாவில் ஓர் ஆயக்கட்டுதாரர்

ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர்கள் பிரயாணக் கட்டுரை எழுதும்போது, அதுவரை ஓட்டல் வாடகையைப் பற்றியும் புதுச் செருப்பு காலைக் கடித்ததைப் பற்றியும் நியாயமாக எழுதிக்கொண்டு வந்தவர்கள்கூட, ஏரிக்கரைப் பட்டணம் ஒன்று குறுக்கிட்ட மாத்திரத்தில் மகாகவிகளாகிவிடுவதை நான் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறேன். ஜலத்தின் நீல நிறத்தை வர்ணிப்பார்கள். அதில் தலைகீழாகத் தெரியும் பனிமலையை வர்ணிப்பார்கள். அன்னப்பட்சியை விடவே மாட்டார்கள். ஆனால் அந்த ஜலம் எங்கிருந்து வருகிறது, யாருடைய நிலத்துக்குப் பாய்கிறது, மிஞ்சினது எந்த வழியாக வெளியேறுகிறது என்ற விஷயங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. திண்டிவனத்துக்கு மேற்கே, ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நன்செய் வைத்துக்கொண்டு, ஐப்பசி பிறந்தால் வானத்தையும் கார்த்திகை பிறந்தால் கரையையும் பார்த்துப் பழகிய என்னைப் போன்றவனுக்கு அந்தக் கட்டுரைகளால் எந்தப் பிரயோஜனமும் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஏரி என்பது பார்த்து ரஸிக்க ஏற்பட்ட வஸ்துவல்ல. அதற்குக் கரை உண்டு, மதகு உண்டு, கலங்கல் உண்டு. மதகைத் திறக்க நீர்கட்டி உண்டு. திறந்ததற்காக நீர்கட்டியோடும், திறக்காததற்காகப் பஞ்சாயத்தாரோடும் சண்டை போட ஆயக்கட்டுதாரர்கள் உண்டு. மீன் பாசிக் குத்தகைக்கு ஏலம் உண்டு. சித்திரை வந்துவிட்டால் ஜலம் வற்றி, உள்வாயில் ஆடுகள் மேயும். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மகளும் மாப்பிள்ளையும் ஜினீவாவுக்கு வந்து கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகும்படி வற்புறுத்தியபோது, நான் இந்தச் சம்பிரதாயங்களையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

ஏரி பெரியதுதான்; அதில் சந்தேகமில்லை. சுமார் 580 சதுர கிலோமீட்டர் பரப்பு. மரக்காணத்துப் பக்கம் எங்கள் கழுவெளி, மழை மனமிரங்கினால் 70 சதுர கிலோமீட்டர் வரை பரவும் என்பார்கள். பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் அதுதான் பெரிய உவர்நீர் ஏரி என்று எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை நான் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆழமோ 310 மீட்டர். செஞ்சியின் ராஜகிரியைப் பெயர்த்து நடுவில் வைத்தால், கோட்டை கொத்தளத்தோடு முழுகிப்போகும். இவ்வளவு ஆழமுள்ள ஏரியை யார் எப்போது தூர் வாருவார்கள் என்ற கவலையே எனக்கு முதலில் எழுந்தது.

“மாப்பிள்ளை, இதற்கு மதகு எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன்.

“இது மனுஷர்கள் வெட்டின ஏரி இல்லை, மாமா. பனியாறு குடைந்து உண்டானது. மதகு கிதகெல்லாம் கிடையாது” என்றார் அவர், பக்கத்திலிருந்த பெஞ்சுக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்.

கரையில்லாத ஏரியை ஒப்புக்கொள்ளலாம். மதகில்லாத ஏரியை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

அந்த ஊரின் பெரிய அதிசயம், ஏரிக்குள்ளிருந்து 140 மீட்டர் உயரம் பீறிட்டு எழும்பும் நீர்த்தாரை. விநாடிக்கு 500 லிட்டர் ஜலம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஆகாயத்துக்குப் போகிறது. போய், அங்கே ஒரு காரியமும் இல்லாமல் திரும்பி வந்துவிடுகிறது. என் சம்சாரம் இதைப் பார்த்துவிட்டு, “இந்த மோட்டார் ஒன்று நம்ம கொல்லைக்கு இருந்தால்!” என்று பெருமூச்சு விட்டாள். ஆனால் அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தபோது எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. 1886ஆம் வருஷம் ஆற்றோரத்தில் ஒரு நீராலை இருந்ததாம். ஊரிலுள்ள கடிகாரக்காரர் முதலிய தொழிலாளிகளின் பட்டறைகளுக்கு அது குழாய் மூலம் நீரழுத்தம் அனுப்பிக்கொண்டிருந்ததாம். சாயங்காலம் அவர்கள் யந்திரங்களை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனதும் அழுத்தம் மிஞ்சிக் குழாய் வெடித்துவிடாதபடி, மிஞ்சினதை ஒரு வால்வைத் திறந்து மேலே பீச்சிவிட்டார்களாம். பார்த்தவர்களுக்கு அது பிடித்துப்போகவே, 1891இல் அதை ஏரித் துறைக்கே கொண்டுவந்து அலங்காரமாக்கிவிட்டார்கள். ஆக, உலகமெல்லாம் வந்து படமெடுத்துக்கொள்ளும் இந்த விநோதம், ஆதியில் செங்குத்தாக நிமிர்த்தி வைத்த கலங்கல்தான். ஏரி கோடி போவதை வேடிக்கை பார்க்க எங்கள் ஊர் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு கரைக்குப் போவதை இனி யாரும் நாகரிகமில்லாத பழக்கம் என்று சொல்லக் கூடாது.

நாங்கள் போயிருந்தது ஜூன் மாதம். அங்கே அப்போது சூரியன் இரவு ஒன்பதரை மணிக்கு அஸ்தமிக்கிறான். பொழுது சாய்ந்தால் விளக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு இலை போடுவது என்று பழகின என் சம்சாரம், முதல் நாள் ஜன்னலண்டை உட்கார்ந்து இருட்டுக்காகக் காத்திருந்து, எங்கள் எல்லோரையும் பட்டினி போட்டாள். மறுநாள் இந்திய நேரப்படி விளக்கு வைப்பது என்று தீர்மானமாயிற்று. அதன்படி, பிற்பகல் மூன்று மணி வெயிலில் அகல்விளக்கு எரிந்தது.

பழைய ஊர்ப்பகுதியில், உலகத்திலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று என்று சொல்லப்படும் 120 மீட்டர் மரபெஞ்சுக்குப் பக்கத்தில், ஒரு செஸ்ட்நட் மரம் நிற்கிறது. அதில் முதல் தளிர் விடும் தேதியை, சட்டசபையின் காரியதரிசியான உத்தியோகஸ்தர் பார்த்து, பதிவேட்டில் எழுதி, வசந்தம் வந்துவிட்டதென்று ஊருக்கு அறிவிக்கிறார். 1818 முதல் இந்தக் கைங்கரியம் நடந்து வருகிறது. சர்க்கார் ஊழியர் மரத்தை அண்ணாந்து பார்ப்பது எனக்குப் புதிதல்ல. எங்கள் நெடுஞ்சாலைப் புளிய மரங்களுக்கும் இலக்கம் போட்டுப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். தளிருக்காக அல்ல, புளி மகசூலை ஏலம் விடுவதற்காக. அந்தச் செஸ்ட்நட் மரத்தில் காய் என்ன விலை போகிறதென்று நான் விசாரித்தேன். அது தின்பதற்கு உதவாத ஜாதி என்று தெரிந்ததும், இருநூறு வருஷத்துப் பதிவேட்டின் பேரில் எனக்கிருந்த மரியாதை சற்றுக் குறைந்தது.

முருங்கைக்காய்க்காக ஓர் ஈழத் தமிழர் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் சுகம் விசாரித்துவிட்டு, “ஐயா எந்த இடம்?” என்றார். திண்டிவனம் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலச் சென்னையிலிருந்து தெற்கே எத்தனை கிலோமீட்டர் என்ற வியாக்கியானத்தை ஆரம்பிக்கப் போனேன். “தெரியும் ஐயா, வேளாங்கண்ணிக்குப் போகேக்க அங்கதான் தேத்தண்ணி குடிச்சனாங்கள்” என்று அவர் சொன்னார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் வாய்த்த கீர்த்தி இப்படிப்பட்டது. ஒன்றில் பஸ் நின்று திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் திருச்சிக்கும் பிரிகிறது. மற்றொன்றில் ரயில் நின்று அப்படியே பிரிகிறது. உலகத்துத் தமிழரில் பாதிப் பேர் எங்கள் ஊர்த் தேநீரைக் குடித்திருக்கிறார்கள், ஊரைப் பார்த்தவர்தாம் இல்லை.

ஜினீவாவிலோ டிராமிலிருந்து இறங்கினால் படகுத்துறை. டிராம் டிக்கெட்டே மஞ்சள் படகுக்கும் செல்லும். இந்த வசதியை மாப்பிள்ளை மிகவும் சிலாகித்தார். விழுப்புரத்தில் முன்பு ஏரியாயிருந்த இடத்திலேதான் புதுப் பேருந்து நிலையம் இருக்கிறதென்பதையும், ஐப்பசி மழையில் ஏரி தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்துவிடுவதால் பஸ்ஸிலிருந்து நேராக ஜலத்திலேயே இறங்கலாம் என்பதையும் நான் எடுத்துச் சொன்னேன். ஏரிக்கரைப் பட்டணம் என்ற பட்டத்துக்கு ஜினீவா திருப்திப்பட்டுவிட்டது. விழுப்புரம் இன்னும் சில கஜம் உள்ளே போயிருக்கிறது.

கடைசியில் மதகைக் கண்டுபிடித்தது நான்தான். ஏரி முடிந்து ரோன் நதியாக வெளிப்படும் இடத்தில், ஊருக்கு நடுவே, செழே என்ற பெயரில் ஓர் அணை. 1995 முதல் ஏரியின் மட்டத்தை அதுதான் நிர்ணயிக்கிறது. அதற்கு முன் இந்த வேலையைச் செய்த பழைய பலகை மதகுகள் சற்று மேலே ஒரு பாலத்தண்டை இருந்தன. மதகு இருந்தால் வியாஜ்யமும் இருந்தாக வேண்டுமே என்று மேலும் குடைந்தபோது, அதுவும் அகப்பட்டது! ஜினீவாக்காரர் ஆற்றுக்குள் கட்டடமும் யந்திரமும் வைத்து ஜலத்தைத் தேக்குவதால் எங்கள் கரையெல்லாம் முழுகுகிறதென்று, மேல்கரையிலுள்ள வோ மாகாணத்தார் 1870களின் பிற்பகுதியில் பெரிய கோர்ட்டுக்கே போயிருக்கிறார்கள். அந்தக் கோர்ட்டும் வாதியின் தலைநகரான லோசானில்தான் இருந்தது. வழக்கு இழுத்து இழுத்து, 1884இல் வோ, வலே, ஜினீவா என்ற மூன்று மாகாணங்களும் சமரசமாகி, மட்டம் இவ்வளவுதான் என்று கையெழுத்துப் போட்டன. இப்போது சாதாரண வருஷங்களில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்குள்தான் ஏரி ஏறி இறங்கலாம். லீப் வருஷத்தில் மட்டும், கரை மராமத்துக்காக, இன்னும் கொஞ்சம் இறக்குகிறார்கள். குடிமராமத்தை நான்கு வருஷத்துக்கு ஒரு முறை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவர்கள் ஏரி காத்த ராமருக்கு மட்டும் ஒரு கோயில் கட்டாமல் விட்டுவிட்டார்களே என்று மதுராந்தகத்தை நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை அன்று முழுவதும் என்னோடு மிக மரியாதையாகப் பேசினார்.

ஊர் திரும்பியதும், எல்லோரும் பனிமலையைப் பற்றிக் கேட்டார்கள். எங்கள் ஊர் நீர்கட்டிப் பெரியவர் ஒருவர்தாம் விஷயத்தைத் தொட்டார்.

“அந்த மதகைத் தொறந்தா தண்ணி எங்க போவுது, வாத்தியாரய்யா?”

நேரே பிரான்சு தேசத்துக்குள் போகிறதென்று சொன்னேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். எங்கள் வீடூர் அணையின் ஆயக்கட்டு 3200 ஏக்கர். அதில் 1000 ஏக்கர் புதுச்சேரிக்குச் சேர்ந்தது. “அங்கேயும் கடைமடை பிரெஞ்சுக்காரனுக்குத்தானா!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தகராறு உண்டா?” என்றார்.

அணு மின்நிலையங்களைக் குளிரவைக்க அந்த ஆற்று ஜலம் வேண்டுமென்பதால், பிரான்சுக்காரர் சுவிஸ்காரரோடு பேச்சு வார்த்தை நடத்தியிருக்கிறார்கள் என்றேன்.

“கரண்டுக்கா? நெல்லுக்கு இல்லியா?”

“முக்கியமாகக் கரண்டுக்குத்தான்.”

“அப்படின்னா பெரிய சண்டை வராது. பாதிக்கு மேல திருப்பி ஆத்துலயே வுட்டுடுவான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பேரப்பிள்ளைகளுக்குச் சாக்லேட் ஏதாவது வாங்கி வந்தேனா என்று கேட்டார்.