கேமராக்காரத் தம்பிக்கு நாலு யோசனை

தம்பி, கூந்தன்குளத்துக்கு வந்துட்டீங்க, சந்தோசம். கேமரா விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு எங்க தெருவுல ஒரு வீட்டைக் கிரயம் முடிச்சிரலாம் போல. பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, செருப்புகூடப் பச்சை. பறவை கண்ணுல படக்கூடாதுன்னு அம்புட்டு முன்யோசனை! ஆனா உங்க காருல போட்ட பாட்டு மூலைக்கரைப்பட்டி வரைக்கும் கேட்டுச்சே, அதுக்கு என்ன கலர் பூசினீங்க?

சரி, போகட்டும். வந்த பிள்ளைய வெறுங்கையா அனுப்பக்கூடாது. நல்ல படம் எடுக்க நாலு யோசனை சொல்லுதேன், குறிச்சுக்கிடுங்க.

முதல் வேலையா, கூட்டுக்குக் கீழயே போய் நின்னுருங்க. தள்ளி நின்னு எடுக்கது கையாலாகாதவன் வேலை. அந்தா, மரத்து உச்சியில மஞ்சள்மூக்கு நாரை ஒண்ணு றெக்கைய விரிச்சுக்கிட்டு நிக்கே, உங்களுக்குப் போஸ் குடுக்குதுன்னு நினைச்சீங்களா? அது காலடியப் பாருங்க. சாம்பலும் வெள்ளையுமா ரெண்டு குஞ்சு வாயப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு. அதுக மேல வெயில் படாமத்தான் ஆத்தாக்காரி றெக்கைய விரிச்சு நிக்கா. வெயில் திரும்பத் திரும்ப அவளும் திரும்புவா. நீங்க மரத்தடியில போய் நின்னா அவ எந்திரிச்சுப் போயிருவா. பங்குனி வெயில்ல குஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்? வெயில் விட்டாலும் காக்கா விடாது. உங்களுக்கென்ன, 'தாய் பறக்கும் கோலம்'னு பேஸ்புக்குல போட ஒரு படம் தேறிரும்.

1972-ல போட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல, காட்டுப் பறவையோட கூட்டையோ முட்டையையோ கலைச்சா அதுவும் வேட்டைக் கணக்குலதான் சேருமாம். கையில துப்பாக்கி இல்ல, லென்சுதான் இருக்குன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அதெல்லாம் எங்களை மாதிரி படிக்காத ஆளுகளுக்கு. நீங்க பயப்படாதீங்க.

ரெண்டாவது, பையில இருக்குற டிரோனை வெளிய எடுங்க. குளத்துல வரித்தலை வாத்து கிடக்கு பாருங்க, தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்டிருக்கும். இமயமலையைத் தாண்டி வந்த ஆளுக. ராத்திரி பூரா வயல்ல மேஞ்சிட்டு, பகல்ல தண்ணியில அசந்து கிடக்குதுக. தூங்குத வாத்தை எடுத்தா எவன் பாப்பான்? தலைக்கு மேல டிரோனைக் கொண்டுபோய் மொத்தத்தையும் கிளப்பி விடுங்க. அம்புட்டு தூரம் பறந்தது பத்தாதுன்னு, உங்களுக்காகக் குளத்தை இன்னும் நாலு சுத்து சுத்தட்டும்.

மூணாவது, உள்ளூர் பத்தலேன்னா சீமைக்குப் போயிருங்க. கென்யாவுல மாரா ஆத்தைக் காட்டுமாடு கூட்டங்கூட்டமாத் தாண்டுமாமே. கரையில ஜீப்பு மேல ஜீப்பா நிறுத்தி, அதுக இறங்குத பாதையையே அடைச்சுக்கிட்டு நிப்பாங்களாம். ஆத்துல முதலை, கரையில ஜீப்பு. மாட்டுக்கு எந்தப் பக்கம் போகன்னு தெரியாது. முதலையாவது பசிக்குத்தான் வருது.

அவ்வளவு அலைச்சல் எதுக்குங்கீங்களா? அதுக்கும் வழி இருக்கு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வருசா வருசம் காட்டுயிர்ப் படத்துக்குப் போட்டி வைக்குது. 2009-ல ராத்திரி நேரத்துல வேலிக்கதவைத் தாண்டிக் குதிக்குத ஓநாய்ப் படத்துக்கு முதல் பரிசு. மறு வருசமே, அது வளத்துப் பழக்கின ஓநாயாத்தான் இருக்கும்னு நடுவருக முடிவுகட்டி, பரிசைத் திரும்ப வாங்கிட்டாங்க. 2017-ல கரையான் புத்துல ஏறுத எறும்புத்தின்னிக்கு ஒரு பரிசு. 2018-ல பாத்தா, அது பாடம் பண்ணின எறும்புத்தின்னி போலன்னு சொல்லி அதையும் ரத்து பண்ணிட்டாங்க. நீங்களும் பஞ்சு அடைச்ச நாரை ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா பெட்ரோல் மிச்சம். அது எந்திரிச்சும் போகாது, உங்க மேல எச்சமும் போடாது.

நாலாவதா ஒரு பழைய ஆளு கதை. மா. கிருஷ்ணன்னு ஒருத்தர், நம்ம திருநெல்வேலியில 1912-ல பொறந்தவர், எழுத்தாளர் மாதவையா மகன். அங்கங்க கிடைச்ச பாகத்தை ஒண்ணாச் சேத்து ஒட்டுப்போட்ட கேமரா அவரோடது. படமெல்லாம் கறுப்பு வெள்ளைதான். காட்டுக்குள்ள நடந்து திரிஞ்சு யானையும் காட்டெருமையும் எடுத்தார். கல்கத்தாவுல வந்த ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில 1950-ல இருந்து 1996-ல சாகுத வரைக்கும் எழுதிக்கிட்டே இருந்தார். மிருகத்தோட பழக்கவழக்கம் தெரிஞ்சதனால அது எங்க வரும், எப்ப வரும்னு அவருக்குத் தெரியும். உங்க கேமரா நொடிக்கு இருபது படம் எடுக்குமாம். பாவம், அவருக்கு அந்த வசதி இல்ல, யோசிச்சு யோசிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு.

என்ன தம்பி, மூஞ்சி சுருங்குது? கோவிச்சுக்காதீங்க. இந்த ஊரு ஆளுக தீபாவளிக்கும் வெடி போடுததில்ல. எங்களுக்கு இந்தப் பறவைக பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பொம்பளைப் பிள்ளைக மாதிரி. மரத்துல இருந்து விழுந்த குஞ்சுக்கு மீன் ஊட்டி வளத்த ஆளுக இங்க உண்டு. எச்சம் விழுந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம்; அதனால எங்களுக்கும் நட்டமில்ல. சர்க்கார் 1994-ல சரணாலயம்னு அறிவிச்சது, 2022-ல ராம்சர்ங்குத உலக ஈரநிலப் பட்டியல்லயும் சேந்துட்டு. அதுக்கெல்லாம் முன்னாலயே நாரை எங்க வீட்டு மரத்துல கூடு கட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

கண்காணிப்புக் கோபுரம் இருக்கு. விடியுமுன்ன ஏறி, போனை அமத்திட்டு உக்காருங்க. மொத மணிநேரம் படம் எடுக்காதீங்க, சும்மா பாருங்க. எது எந்தப் பக்கம் இறங்குது, எது எப்ப இரை ஊட்டுதுன்னு பிடிபட்டா அந்த லென்சே போதும். கூடு இருக்குத இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லாதீங்க. ஆனி ஆடிக்குள்ள குஞ்செல்லாம் பறந்துரும். அதுக்குப் பெறகு எந்தக் கூட்டுக்குக் கீழ வேணும்னாலும் போய் நில்லுங்க தம்பி, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.