ஓடப் போறவர்

குத்துக்கல்வலசை என்ற பேரிலேயே ஒரு வம்பு இருக்கிறது. குத்துக்கல் என்றால் நட்டது நட்டபடி நிற்பது. வலசை என்றால் இருந்த இடத்தை விட்டுக் கிளம்புவது. ஊர்க்காரர்களுக்கு இரண்டும் கலந்துதான் வாய்த்திருக்கிறது. எங்கள் தெரு அண்ணாச்சிக்கு மட்டும் முதல் பாதி கொஞ்சம் தூக்கல்.

அண்ணாச்சிக்கு வயது நாற்பத்தெட்டு. ஓட்டக்காரர் என்று சொன்னால் பொய்யாகிவிடும், சோம்பேறி என்றால் பாவம். அவர் ஓடப் போறவர். தெருவுக்கு ஒருவராவது இந்த இனத்தில் இருப்பார். ஷூ வாங்கியிருப்பார், கைக்கடிகாரம் மாட்டியிருப்பார், பனியன்கூடப் பளபளவென்று இருக்கும். வாசல்படியில் உட்கார்ந்து கயிற்றை இறுக்கிக் கட்டுவார், கொஞ்ச நேரம் கழித்து அவிழ்ப்பார். கேட்டால் பதில் தயார்: "இப்பதான் நாலு இட்லி உள்ள போயிருக்கு. செரிக்கட்டும்."

இந்த ஆசை அவருக்கு ஆஸ்பத்திரியில் பிறந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "சுகர் பார்டர்ல இருக்கு" என்றாராம். தென்காசிக்காரரிடம் பார்டர் என்ற சொல்லை யோசித்துத்தான் பேச வேண்டும். இந்தப் பக்கம் பார்டர் என்றால் பிரானூர், பிரானூர் என்றால் பரோட்டா. அந்தக் காலத்தில் அங்கே திருவிதாங்கூர் எல்லை இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லை மேற்கே புளியரைப் பக்கம் தள்ளிப் போய்விட்டது. பேர் மட்டும் போக மறுத்துப் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அண்ணாச்சிக்கு டாக்டர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. அன்று ராத்திரி பிரானூருக்குப் போய் நாலு பரோட்டாவும் மிளகுக் கோழியும் சாப்பிட்டுவிட்டு, "நாளையிலேர்ந்து ஓடணும்" என்றார். சாட்சிக்கு நானும் உட்கார்ந்திருந்தேன். என் இலையிலும் பரோட்டாதான், அதனால் அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

அவருடைய தங்கை மகன் மத்தளம்பாறையில், ஸோஹோவில் வேலை பார்க்கிறான். வாரத்தில் நாலு நாள் ஓடுகிறவன். மாமாவுக்கு நல்லது செய்வதாக நினைத்து அவன்தான் அந்தக் கணக்கைச் சொல்லித் தொலைத்தான். "வயிறு முட்ட சாப்பிட்டா மூணு நாலு மணி நேரம் விடுங்க மாமா. கொஞ்சமா சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் போதும். ஒரு வாழைப்பழம்னா அரை மணிக்கூர்ல கெளம்பிரலாம்."

கணக்கில் தப்பே இல்லை. சாப்பிட்டவுடன் ரத்தத்தை வயிறு தன் பக்கம் கூப்பிடுகிறது. ஓடினால் காலும் அதே ரத்தத்தைக் கேட்கிறது. கொழுப்பு அதிகமுள்ள சாப்பாடு வயிற்றை விட்டு இறங்கக் கூடுதல் நேரம் எடுக்கும். பரோட்டாவும் சால்னாவும் லேசில் வீட்டைக் காலி செய்யாத வாடகைக்காரர்கள். மருமகன் சொன்னதெல்லாம் சரிதான், சொன்ன ஆள்தான் சரியில்லை. அண்ணாச்சி அதை உடனே ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிட்டார்.

காலை எட்டரைக்கு இட்லி. மூன்று மணி நேரம் கழித்தால் பதினொன்றரை. ஆனால் பதினொரு மணிக்குக் கடையில் ஆமவடையும் டீயும் உண்டு. வடையிலிருந்து இரண்டு மணி நேரம் என்றால் மதியம் ஒன்று. ஒன்றரைக்குச் சாப்பாடு. அதுவும் செவ்வாய், வெள்ளி என்றால் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். அதிலிருந்து நாலு மணி நேரம் கழித்து ஐந்தரை. நடுவில் நாலரைக்கு ஒரு டீ, டீ தனியாக வராது, வாழைக்காய் பஜ்ஜி துணைக்கு வரும். பஜ்ஜி செரித்து முடிக்கையில் ஏழு மணி. ஏழு மணிக்குத் தெருவிளக்கு எரியாது, நாய்கள் எரிச்சலில் இருக்கும். ஒன்பதுக்கு தோசை. அதிலிருந்து மூன்று மணி நேரம் என்றால் நடுச்சாமம். கடைசியில் நோட்டில் மிஞ்சியது நடுச்சாமத்திலிருந்து விடியும் வரைதான். "அந்த நேரத்துல ஓடினா முன்னாடி போறவன் எவன்னு போலீஸ் கேப்பான்" என்று நோட்டை மூடினார்.

சாரல் சீசன் வந்தால் இந்தக் கணக்கும் கிழிந்துவிடும். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் திடீரென்று பெருகுவார்கள். மதுரையிலிருந்து மச்சினன் குடும்பம், தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா குடும்பம். வந்தவர்களை ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் கூட்டிப் போவது வீட்டுக்காரர் கடமை. உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து அருவியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வெளியே வரும்போது வரும் பசிக்கு மருத்துவ நூலில் பெயர் உண்டோ என்னவோ, நாங்கள் அதைக் குற்றாலப் பசி என்போம். அந்தப் பசிக்கு மிளகாய் பஜ்ஜி, நேந்திரங்காய் சிப்ஸ், ரம்புட்டான், மங்குஸ்தான் என்று எதைப் போட்டாலும் உள்ளே போய்ச் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அண்ணாச்சி ஷூவைப் பரணில் வைத்துவிட்டார். "காத்துல ஆளையே தூக்குது, இதுல எங்க ஓட?" ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று ஆளைத் தூக்கக்கூடியதுதான். ஆனால் அண்ணாச்சி தொண்ணூற்றிரண்டு கிலோ.

பெரியவர்கள் கதை சொல்லி உற்சாகப்படுத்தலாமென்று பார்த்தேன். பவுஜா சிங் 89 வயதில் லண்டன் மாரத்தான் ஓடினார் என்றேன். "காலையில என்ன சாப்பிட்டுட்டு ஓடினாரு?" என்றார். நம் அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் சர்க்கரையை வைத்துக்கொண்டே நூற்றுக்கும் மேல் அரை மாரத்தான் ஓடியிருக்கிறார், ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டர் என்றேன். "சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவுல எவ்ளோ நேரம் விடுவாரு?" வேறு வழியில்லாமல் 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் கதையை எடுத்துவிட்டேன். கியூபாவின் தபால்காரர் பெலிக்ஸ் கார்வஹால், கையில் காசில்லாமல் பட்டினியோடு வந்து மாரத்தானில் ஓடினாராம். வழியில் தோட்டத்து ஆப்பிளைப் பறித்துத் தின்ன, அது அழுகல், வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அங்கேயே படுத்துக் கொஞ்ச நேரம் தூங்கி எழுந்து ஓடினார், அப்படியும் நாலாவதாக வந்தார் என்று இன்றும் சொல்வார்கள். அண்ணாச்சி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "தூங்கிட்டு ஓடினாரா?" மறுநாள் முதல் அவருடைய பயிற்சியில் மதியத் தூக்கமும் சேர்ந்தது.

ஓடவே இல்லை என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். இரண்டு தடவை ஓடியிருக்கிறார். முதல் தடவை வெறும் வயிற்றோடு. தெரு முனையிலிருந்து மின்கம்பம் வரை பஸ்ஸைப் பிடிக்கிறவர் மாதிரிப் பறந்தார். அங்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. "வெறும் வயித்துல ஓடக் கூடாதுன்னு இதுக்குத்தான் சொல்லுதான்." எவனும் சொல்லவில்லை. ராத்திரி தோசையிலிருந்து ஈரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை புதிதாக ஓடுகிறவரின் இரண்டு கிலோமீட்டருக்குத் தாராளம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும், அது வேறு. அண்ணாச்சி அன்று விழப் பார்த்தது பசியால் அல்ல, வேகத்தால்.

இரண்டாம் தடவை பஜ்ஜி முடித்து முக்கால் மணி நேரத்தில். கூடவே ஒரு கலர் குடித்திருந்தார். பாலத்தின் மேல் வந்ததும் வலது விலாவில் சுருக்கென்று குத்தியது. அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து "ஹார்ட்டு" என்றார். ஹார்ட் அந்தப் பக்கம் இல்லை அண்ணாச்சி என்றேன். நிறைய சாப்பிட்டோ இனிப்புத் தண்ணீர் குடித்தோ ஓடினால் வரும் பிடிப்புதான். வயிற்றறையின் உட்சவ்வு உரசுவதால் வருகிறது என்று ஒரு கருத்து உண்டு. நின்று, குனிந்து, மெல்ல மூச்சு விட்டால் போய்விடும். போயும்விட்டது. அண்ணாச்சிக்குத்தான் அது அவ்வளவு சீக்கிரம் போனதில் வருத்தம்.

மருமகன்தான் திருத்தினான். நோட்டை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, "மாமா, மணி பாக்காதீங்க. காலைல அஞ்சேகாலுக்கு எந்திரிச்சு ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்க. ரெண்டு நிமிசம் ஓடுங்க, ரெண்டு நிமிசம் நடங்க. பேசிக்கிட்டே ஓட முடியணும், அதுக்கு மேல வேகம் வேண்டாம்" என்றான்.

அந்த நேரத்தின் அருமை போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் எதிரே வருகிறவர் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காமல் விடமாட்டார். இல்லை என்றால் வீட்டுக்குள் இழுத்துவிடுவார், ஆச்சு என்றால் காபியாவது குடிக்கச் சொல்வார். அஞ்சேகாலுக்கு ஊரில் அப்படிக் கேட்க ஒரு வாய்கூட விழித்திருக்காது. இருட்டும், சாரலின் ஈரமும், தூரத்தில் மலையும்தான். மூன்று வாரமாக அண்ணாச்சி ஓடுகிறார். மின்கம்பத்தையும் பாலத்தையும் தாண்டிவிட்டார். பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்று சொன்னதால் என்னையும் இழுத்துக்கொண்டு போகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மயினியிடம் கேட்டேன், அண்ணாச்சி எப்படி, மாற்றம் தெரியுதா என்று. மயினி ஆட்டுக்கல்லிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: "தெரியாம என்ன? முன்னாடி நாளைக்கு அஞ்சு வேளை. இப்ப ஓடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஓடிட்டு வந்து ஒண்ணு. ஏழாயிருக்கு. நீங்களும் உக்காருங்க, நல்லாத்தான வேர்த்திருக்கு, ரெண்டு பூரி போடுதேன்."