ஹெட்செட்டுக்குப் பொட்டு வைத்தவர்

ஆகாயத்தில் சத்தம் கேட்டால் சாதாரண ஆள் அண்ணாந்து பார்ப்பான். இவர் பார்க்க மாட்டார். கையிலிருக்கும் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "தேஜஸுங்க, சூலூர்ல இருந்து ஏறுது" என்பார். மேகத்தை விட்டு வெளியே வரும்போது அது தேஜஸாகத்தான் இருக்கும். அதுதான் நமக்கு எரிச்சல்.

கோயம்புத்தூரில் பேட்டைக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். கணபதிப் பக்கம் ஃபவுண்டரி, இல்லையென்றால் பம்ப்செட் பட்டறை, அதுவும் இல்லையென்றால் தொண்டாமுத்தூரில் பாக்குத் தோப்பு. வயது அறுபதை ஒட்டி. பீளமேட்டில் ஏறி சென்னையில் இறங்குவதைப் பறப்பது என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். "அது டவுன் பஸ்ஸுங்க." அவர் கணக்கில் விமானம் என்றால் ரெண்டு பேர், மிஞ்சினால் நாலு பேர் உட்காரலாம், மூக்கில் ஒரு விசிறி சுற்ற வேண்டும், ஓட்டுகிறவர் அவராக இருக்க வேண்டும்.

வாலிபத்தில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், படிப்போடு படிப்பாக செஸ்னா 172 ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டார். அங்கே அந்த லைசென்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இவர் பறந்தது நாற்பத்தொன்றே கால். அதைப் பற்றிப் பேசிய மணி நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை.

பறந்ததைக் குறித்த லாக்புக் மட்டும் பீரோவில், தோட்டத்துப் பத்திரங்களுக்கு மேலே இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார். தேதி, விமான எண், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம் என்று கட்டம் கட்டமாக நீல மை. கடைசி வரி 1991. அடுத்த வரியில் தேதிக் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும். "இது என்னங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "அடுத்தது அங்க எழுதோணுமுங்க" என்றார்.

ஏன் எழுதவில்லை என்பதற்கு அவரிடம் காரணங்கள் உண்டு. பாதி நியாயமானவை. அமெரிக்காவில் சின்ன விமானக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து ஊருக்குப் பறந்து போய் ஒரு பர்கர் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். எரிபொருளோடு கணக்குப் போட்டால் ஒரு பர்கர் நூறு டாலர் என்று அவர்களே கிண்டல் செய்துகொள்வார்கள். நம்மவருக்கும் அப்படி ஒரு ஆசை. காமலாபுரத்தில் இறங்கி, சேலத்தில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஆனால் அமெரிக்க லைசென்ஸை இங்கே செல்லுபடியாக்க வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். பறக்கும் திட்டம் தாக்கல் செய்து, ஒரு எஃப்.ஐ.சி. எண்ணும், வான் பாதுகாப்புக்காரர்களிடமிருந்து ஏ.டி.சி. எண்ணும் வாங்க வேண்டும். விமானமும் வேண்டும். இதையெல்லாம் அவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது டிரைவர் குறுக்கே புகுந்து, "பெருந்துறை, பவானி வழியா போனா மூணு மணி நேரமுங்க" என்றான். அன்றைக்கு முழுக்க அவனோடு பேசவில்லை.

மீதி காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையைத் திறந்து வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அதுதான் தலைவாசல். ஆடியில் அம்மியே பறக்கும் ஊரில், வெறும் கூடு முக்கால் டன் எடையுள்ள செஸ்னா எந்த மூலைக்கு?

அதனால் ஆடி பிறந்தால் அவர் ஊரில் இருப்பதில்லை. எப்படியும் அந்த மாதம் நல்ல காரியம் கிடையாது, பட்டறையில் ஆர்டரும் மந்தம். ஜூலைக் கடைசியில் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷுக்குப் போய்விடுவார். அங்கே கூடுவது சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கம். 1953-இல் பால் போபரஸ்னி தொடங்கியது. 1970 முதல் வருஷா வருஷம் அங்கே கூட்டம் போடுகிறார்கள். பத்தாயிரம் விமானம் வரும். இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் அடித்துத் தூங்குவார்கள். அந்த ஒரு வாரம் உலகத்திலேயே நெரிசலான கட்டுப்பாட்டுக் கோபுரம் அதுதான்.

இதை நமக்குப் புரியவைக்க அவர் கையாளும் உவமை ஒன்றே: "அந்தியூர் சந்தையாட்டங்க." குருநாதசாமி கோயில் தேருக்கு ஆடியில் குதிரையும் மாடும் கூடுமே, அது. முதலில் சிரித்தேன். விவரம் கேட்டதும் சிரிப்பு அடங்கியது. ஆஷ்காஷில் இறங்க வரும் விமானி ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. கீழே நிற்கும் அதிகாரி பைனாகுலரில் பார்த்து, நிறத்தையும் இறக்கையையும் சொல்லித்தான் கூப்பிடுவார்: சிவப்பு, மேல் இறக்கை, ஆட்டிக் காட்டு! விமானம் இறக்கையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான் பதில். செவலை, மயிலை, காரி என்று நிறம் சொல்லிக் காங்கேயம் மாட்டைக் கூப்பிடுகிற ஊர்க்காரருக்கு இதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

ஒருமுறை திரும்பி வந்ததும் வீட்டம்மா கேட்டார்: "ஏனுங்க, பத்தாயிரம் பிளேன் பாத்தீங்களே, ஒண்ணுலயாவது ஏறுனீங்களா?"

"ஏறோணும்னு போகல புள்ளே."

"பின்ன?"

"டீ-சர்ட்டு வாங்கியாந்திருக்கறேன் பாரு."

ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெங்களூரு எலஹங்காவில் ஏரோ இந்தியா நடக்கும்போது இவரைக் கூட்டிப் போகிறவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்-35-உம் ரஷ்ய எஸ்.யு.-57-உம் ஒரே மைதானத்துக்கு வந்திருந்தன. ஊரே அங்கே திரண்டிருந்தது. இவர் ஓர் அரங்கில் மேசை மேலிருந்த அலுமினிய பிராக்கெட்டை எடுத்து, கட்டை விரலால் ஓரத்தைத் தடவி, பிசிறு பார்த்துக்கொண்டிருந்தார். "இதைப் போயி வெளியில வாங்கறாங்களாமா? முந்நூறு ரூவாய்க்கு நம்ம பட்டறையில போட்டுக் குடுக்கலாமுங்க." கோயம்புத்தூர்க்காரருக்கு உலகத்தில் எல்லாமே முந்நூறு ரூபாய்க்குள் போட்டுக் கொடுக்கக் கூடியதுதான்.

முன்பொரு ஏரோ இந்தியாவில் விமானப்படையின் சாரங் குழு ஏறியபோது மட்டும் கையிலிருந்த பிராக்கெட்டைக் கீழே வைத்தார். நாலு துருவ் ஹெலிகாப்டர். சூலூர்தான் அவர்களுக்குச் சொந்த ஊர். சாரங் என்றால் மயில். தோட்டத்தில் மயில் இறங்கி விதைத்ததைக் கிளறினால் வனத்துறை வரைக்கும் திட்டுகிற மனிதர், எலஹங்காவில் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார்.

பட்டறைப் பொடக்காளியில் தார்ப்பாயை விலக்கினால் அவரே கட்டிய ஓர் இறக்கை இருக்கிறது. ஒன்றுதான். ரிவெட் வரிசை நூல் பிடித்தாற்போல் இருக்கும். வேலை தெரிந்தவர்கள் மெச்சுகிறார்கள். மத்தியானத்தில் ஆட்கள் தூக்குப்போசியை அதன் மேல்தான் வைக்கிறார்கள். இன்னொரு இறக்கை எப்போது என்று கேட்டால், "ஜிக் இருக்குதுங்க, ஒரு வார வேலை." அந்த ஒரு வாரம் பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடியில் காற்று, ஆவணியில் முகூர்த்தம், ஐப்பசியில் மழை, மார்கழியில் பனி. தை பிறந்தால் ஏரோ இந்தியாவுக்குத் துணி எடுத்து வைக்க வேண்டும்.

ஆயுத பூஜையன்று போயிருந்தேன். லேத்துக்குச் சந்தனம், காருக்கு எலுமிச்சம்பழம், இறக்கைக்கு விபூதிப் பட்டை, 1991-இல் கடைசியாகக் காதில் மாட்டிய ஹெட்செட்டுக்குக் குங்குமப் பொட்டு. அடுத்த பூஜைக்கும் பொரி வாங்கிக்கொள்ள எல்லோரையும் இப்போதே கூப்பிட்டுவிட்டார். போகிறவர்கள் இரண்டு மணி நேரத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காதீர்கள்; அவரே சொல்வார்.