ஹாஃப் டோம் ஏற்றமும் அதற்கு முந்தைய இன்னல்களும்: ஓர் ஆய்வு

மலையேற்றம் மலையடிவாரத்தில் தொடங்குகிறது என்றொரு கருத்து அறிஞர்களிடையே நெடுங்காலமாக உலவி வருகிறது. அதை இக்கட்டுரை மறுக்கிறது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள ஹாஃப் டோம் சிகரத்தைப் பொறுத்தவரை, ஏற்றம் தொடங்குவது மார்ச் 1ஆம் தேதி, வீட்டு சோஃபாவில். அதற்குக் காலணி வேண்டாம். கிரெடிட் கார்டு வேண்டும்.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுப்பது மரபு. ஹாஃப் டோம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8,800 அடி உயரம். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏற வேண்டியது 4,800 அடி. போய்வர, எடுக்கும் பாதையைப் பொறுத்து, 14 முதல் 16 மைல். பெரும்பாலோருக்கு 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும் என்கிறது பூங்கா நிர்வாகம். கடைசி 400 அடியில் பாதை என்று ஒன்றே கிடையாது. வழுக்கும் கிரானைட் சரிவின் மேல் இரண்டு எஃகுக் கேபிள்கள், கால் ஊன்றி மூச்சு வாங்க இடையிடையே குறுக்குக் கட்டைகள், அவ்வளவுதான்.

இத்துறையின் முன்னோடி ஆய்வு தோல்வியில் முடிந்தது. 1860களில் கலிஃபோர்னியாவின் அரசுப் புவியியலாளராக இருந்த ஜோசையா விட்னி, இந்தச் சிகரத்தில் மனிதக் கால் பட்டதும் இல்லை, படப்போவதும் இல்லை என்ற பொருள்பட எழுதிவைத்தார். சிலர் முயன்று பார்த்துத் திரும்பினார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜார்ஜ் ஆண்டர்சன் என்பவர் 1875 அக்டோபரில் வேறு வழி கண்டார். பாறையில் துளை போடுவார். அதில் இரும்பு வளையாணியை அடித்து இறக்குவார். அந்த ஆணியின் மேலேயே நின்றுகொண்டு அடுத்த துளையைப் போடுவார். இப்படியே ஆணி ஆணியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். அவரிடம் வாட்ஸ்அப் குழு இல்லை என்பது இங்கே குறிக்கத்தக்கது. இன்றைய கேபிள்களின் மூதாதையை சியரா கிளப் 1919இல் அமைத்தது. அன்றுமுதல் மலை எளிதாயிற்று, திட்டமிடுதல் கடினமாயிற்று.

கடினமானது எவ்வாறு எனின், கூட்டத்தால். கேபிள்களுக்கு நடுவே ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் ஒரே தடம். பாறையின் நடுவில் மனிதர்கள் வரிசைகட்டி நின்றால் யாருக்கும் நல்லதல்ல. ஆகவே 2010இல் வாரக்கடைசிகளுக்கும் விடுமுறைகளுக்கும் பெர்மிட் வந்தது. 2011முதல் எல்லா நாளுக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 பேர். அதில் ஒரே நாளில் போய்த் திரும்புவோருக்கு 225 இடம். மிச்சம் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கிப் போவோருக்கு. மார்ச் மாதம் முழுவதும் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை, ஏழு தேதிகள் வரை. முடிவு ஏப்ரலில் வரும். அதில் பெயர் விழாதவர்கள் கோடை முழுக்க நாள்தோறும் நடக்கும் சிறு குலுக்கலில் இரண்டு நாள் முன்னதாக முயலலாம். தட்கலில் ஊருக்கு டிக்கெட் எடுத்துப் பழகிய தமிழருக்கு இந்த இரண்டாம் முறை உடனே பிடிபட்டுவிடும். இங்கே விரல் வேகம் உதவாது என்பதுதான் வேறுபாடு.

ஒரு நுட்பம். ஒருவர் பெயர், தலைவராகவோ மாற்றுத் தலைவராகவோ, ஒரே விண்ணப்பத்தில்தான் இருக்கலாம். "நாம ஆளுக்கொரு அப்ளிகேஷன் போட்டு எல்லாத்துலயும் எல்லார் பேரையும் போட்டுடலாம், மச்சி" என்று யாராவது ஒரு கணித மேதை யோசனை சொன்னால், அவரை மெல்ல அடக்கி வைப்பது குழுவின் கடமை. அப்படிப் போட்டால் எல்லா விண்ணப்பமும் ரத்து.

இனிக் குழு இயல். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கணினி வேலை பார்க்கும் தமிழர்களுக்கு யோசெமிட்டி சுமார் நாலு மணி நேரக் கார் பயணம். ஆதலால் அங்கே தோன்றும் குழுக்களை இந்த ஆய்வு முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. உறுப்பினர் மூவகைப்படுவர். முதல் வகை, அட்டவணைக்காரர். ஜூலையில் போகும் மலைக்கு பிப்ரவரியிலேயே எக்செல் திறந்து, அதில் நிறம் பூசி, 'மணி 4:10, பல் தேய்த்தல்' என்று வரி எழுதுபவர். இரண்டாம் வகை, கட்டைவிரல்காரர். எதைக் கேட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்புவார். அது சம்மதமா, படித்துவிட்டேன் என்பதற்கான அடையாளமா, தூக்கத்தில் கைபட்டதா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. மூன்றாம் வகை மிகவும் ஆபத்தானவர்: வீடியோக்காரர். நள்ளிரவில் யாரோ தலையில் கேமரா மாட்டிக்கொண்டு கேபிள் ஏறிய யூடியூப் வீடியோவைக் குழுவில் போடுவார். மறுநாள் காலை ஒருவருக்குத் திடீரென மாமியார் ஊரிலிருந்து வருவது உறுதியாகிவிடும்.

"அண்ணா, நீங்க வராம எப்படி?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாப்பா? டிக்கெட் போட்டுட்டாங்களே."

யாருக்கு யார் டிக்கெட் போட்டார்கள் என்ற கேள்வி இந்த ஆய்வின் வரம்புக்கு அப்பாற்பட்டது.

மிஞ்சியவர்கள் அடுத்து விவாதிப்பது உணவை. புளியோதரையா, எனர்ஜி பாரா? இருதரப்பு வாதமும் பல பக்கம் ஓடும். புளியோதரைக் கட்சி வலுவானது: கெடாது, உப்பு உண்டு, நசுங்கினாலும் புளியோதரைதான். எனினும் இருதரப்பும் கவனிக்க மறந்தது கரடி. யோசெமிட்டியில் இருட்டிய பின் காருக்குள் உணவை விட்டுவைக்கக் கூடாது. இங்குள்ள கரடிகளுக்குக் கார்க் கதவைப் பிரித்து எடுக்கும் கலை கைவந்தது. விடியுமுன் வந்து வண்டியை நிறுத்துபவர்கள் மிச்சமிருக்கும் தூக்குச் சட்டியை நிறுத்துமிடத்தில் உள்ள இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் நடக்க வேண்டும். உச்சியில் கரடிப் பயம் குறைவு. ஆனால் பையைத் திறந்தபடி வைத்துவிட்டு செல்ஃபி எடுக்கப் போனால் அணில்களும் மர்மாட்டுகளும் கட்சி பார்க்காமல் சாப்பிடும்.

சோறு பற்றி இவ்வளவு பேசிய குழு, தண்ணீர் பற்றிப் பேசியிருக்காது. ஆளுக்கு நாலு லிட்டர் தேவை. அதாவது முதுகில் நாலு கிலோ. அதைக் கேட்டதும் எல்லோரும் ஒரு லிட்டர் பாட்டிலையும் ஒரு டிரைபாடையும் எடுத்துக்கொள்வார்கள். குடிநீர்க் குழாய் இருப்பது வெர்னல் அருவிப் பாலத்தருகே, கிளம்பி ஒரு மைல்கூட ஆகாத இடத்தில். அங்கே யாருக்கும் தாகம் எடுக்காது. அதற்கு மேல் மெர்செட் ஆற்று நீரை வடிகட்டித்தான் குடிக்கலாம். லிட்டில் யோசெமிட்டி பள்ளத்தாக்கைத் தாண்டியதும் பாதை ஆற்றை விட்டு விலகிவிடும். தாகம் அங்கேதான் எடுக்கும்.

கையுறை தனி அத்தியாயத்துக்கு உரியது. கேபிள் கம்பியை வெறுங்கையால் பிடித்து ஏறினால் உள்ளங்கை உரிந்துபோகும். பிடிமானமுள்ள கையுறை வேண்டும். இறங்கி வந்தவர்கள், பின்னால் வருபவர்களுக்கு உதவட்டும் என்று கேபிள் அடியில் கழற்றிப் போட்டுச் செல்வது வழக்கமாகி, அங்கே ஒரு குவியலே சேர்ந்ததுண்டு. தோல் கையுறை, தோட்டவேலைக் கையுறை, ஜோடி பிரிந்த ஒற்றைக் கையுறை, மழையில் நனைந்து வெயிலில் விறைத்துக் கருவாடாகக் கிடப்பவை எனப் பலவகை. போட்டவர்கள் அதைத் தருமம் என்கிறார்கள். பூங்கா நிர்வாகம் குப்பை என்கிறது. இந்த வழக்கில் நிர்வாகத்தின் பக்கமே நியாயம். அதைச் சுமந்து கீழே இறக்குவது ரேஞ்சர்கள்தான்.

இவ்வளவுக்கும் பிறகு, அட்டவணையில் எந்த நிறத்திலும் இல்லாத ஒரு வரி உண்டு: எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும், திரும்புவது. கோடைப் பிற்பகலில் சியரா நெவாடா மலைகளில் இடி மின்னல் சாதாரணம். மரமில்லாத மொட்டைப் பாறை, கையில் எஃகுக் கம்பி. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 1985 ஜூலை 27 அன்று உச்சியில் மின்னல் தாக்கி இருவர் இறந்தனர். மழை நனைத்த பாறையில் வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. ஏப்ரலில் பெர்மிட் கிடைத்த மகிழ்ச்சியே மதியம் ஒரு மணிக்கு மேகத்தைப் பார்த்த பிறகும் மேலே தள்ளுகிறது. குலுக்கலில் விழுந்த சீட்டை வீணாக்க யாருக்கு மனம் வரும்? இந்த இடத்தில் மட்டும் ஆய்வாளர் வேடத்தைக் கழற்றிவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: வீணாக்கலாம். விண்ணப்பத்துக்குப் பத்து டாலர், பெர்மிட்டுக்குத் தலைக்குப் பத்து டாலர், போனால் போகிறது.

அட்டவணையில் டார்ச்சும் இருக்காது. இருட்டில் விளக்கில்லாமல் தட்டுத் தடுமாறி இறங்கி வருபவர்கள் அங்கே சகஜம். பகல் முழுக்க வீடியோ எடுத்த மொபைலில் இரவு எட்டு மணிக்கு எவ்வளவு சார்ஜ் இருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்த மார்ச்சில் விண்ணப்பிக்க இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். பெர்மிட்டை விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. சிகரத்தின் துணைக்குன்று அடியில் ரேஞ்சர் கேட்கும்போது, தலைவரோ மாற்றுத் தலைவரோ அடையாள அட்டையோடு நேரில் நிற்க வேண்டும். ஆகவே மாற்றுத் தலைவராக, ஜூலை மாதம் மாமியார் வர வாய்ப்பே இல்லாத ஒருவரின் பெயரை எழுதுங்கள்.