எனிடெஸ்க் போயாச்சு, ஃபோல்டர் போகலையே!

கேள்வி: பிரிண்டர் மக்கர் செய்ததால் ஒரு சர்வீஸ்காரர் தொலைவிலிருந்தே எனிடெஸ்க் வழியாக உள்ளே வந்து சரிசெய்து கொடுத்தார். இப்போது கன்ட்ரோல் பேனலில் தேடினால் அந்தப் பெயரே இல்லை. ஆனால் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறதே? (வாசகர், திருச்சி)

பதில்: இன்ஸ்டாலே ஆகாததைக் கன்ட்ரோல் பேனலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எனிடெஸ்க்கை டவுன்லோடு செய்து இரண்டு தட்டு தட்டினாலே ஓடத் தொடங்கிவிடும். அப்படி ஓடும்போது உங்கள் அடையாள எண், செட்டிங்ஸ், யார் எப்போது வந்து போனார் என்ற குறிப்பு எல்லாவற்றையும் எழுதிவைக்க இடம் வேண்டுமே, அதற்குத்தான் அந்த ஃபோல்டர்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் சின்னம் தெரிந்தால் ரைட் கிளிக் செய்து முதலில் மூடுங்கள். டவுன்லோட்ஸில் கிடக்கும் மூல ஃபைலை அழியுங்கள். பிறகு விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்தி, ‘ஆப்டேட்டா’ என்று ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டுத் தட்டுங்கள். அங்கே எனிடெஸ்க் ஃபோல்டர் கிடைக்கும். தாராளமாக டெலீட் செய்யலாம். இதே முறையில் ‘புரோகிராம்டேட்டா’விலும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்திருந்தால் அங்கேயும் ஒரு பங்கு இருக்கும். இரண்டையும் விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கும். நம்மிடமிருந்து அவற்றைக் காப்பாற்றத்தான்!

கேள்வி: எனிடெஸ்க் மாதிரியே இருக்கும் டீம்வியூவரின் ஃபோல்டரை டெலீட் செய்யப் போனால், ‘இந்த ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது’ என்கிறது. நான் பயன்படுத்தவில்லை. அப்படியானால் யார்? (பீதியில் ஒரு வாசகி, தாம்பரம்)

பதில்: பேய் இல்லை அம்மா, சர்வீஸ். இன்ஸ்டால் செய்த டீம்வியூவர், விண்டோஸ் எழுந்தவுடன் பின்னணியில் தானும் எழுந்துகொள்ளும். ஃபோல்டரில் கை வைக்காமல் முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போது செட்டிங்ஸையும் நீக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதில் டிக் போடாமல் அவசரமாக அடுத்ததை அழுத்துகிறவர்கள்தான் பிறகு எனக்குக் கடிதம் போடுகிறார்கள். ரீஸ்டார்ட் செய்துவிட்டு, மிச்சம் இருந்தால் அழியுங்கள்.

கேள்வி: மிச்சமிருக்கும் ஃபைல்கள் வழியாக யாராவது என்னை வேவு பார்க்க முடியுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: குடியிருந்தவர் காலி செய்த பிறகு மூலையில் கிடக்கும் கிழிந்த பாயைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள்; அவரிடம் இன்னொரு சாவி இருக்கிறதா என்று கேட்கவில்லையே!

செட்டிங்ஸ் ஃபைலும் லாக் ஃபைலும் தானாக எழுந்து நடக்காது. பார்க்க வேண்டியவை வேறு. ஆள் இல்லாதபோதும் உள்ளே வர நிரந்தர பாஸ்வேர்டு வைக்கும் வசதி இந்த சாஃப்ட்வேர்களில் உண்டு. சர்வீஸ்காரர் ‘அடிக்கடி உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே’ என்று அன்போடு அதை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அது உயிரோடு இருக்க வேண்டுமானால் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே ‘சர்வீசஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியையும் பாருங்கள். கூடவே, உங்களுக்குத் தெரியாத புதிய யூசர் அக்கவுன்ட் ஏதாவது முளைத்திருக்கிறதா என்றும்.

ஸ்கிரீன்கனெக்ட் என்று இதே வகையில் இன்னொன்று உண்டு. ‘ஸ்கிரீன்கனெக்ட் கிளையன்ட்’ என்ற பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளமான வால் இருக்கும். நல்ல ஐடி கம்பெனிகளும் இதை வைத்திருக்கின்றன, மோசடிக்காரர்களும் வைத்திருக்கிறார்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால், அழிப்பதற்கு முன் ஐடி பிரிவில் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்கள் கேட்காமல் வந்திருந்தால் யோசிக்காமல் வெளியேற்றுங்கள்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரி கிளீனர் போட்டுச் சுத்தமாகத் துடைக்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: வேண்டாம். அந்த வகைக் கருவிகளை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. ரெஜிஸ்ட்ரியில் நான்கு வரி மிஞ்சியிருப்பதால் உங்கள் கம்ப்யூட்டர் ஒரு நொடிகூடத் தாமதமாகாது. துடைக்கிறேன் என்று வந்தது எதையாவது கூடுதலாகத் துடைத்தால், பிரிண்டரைச் சரிசெய்தவரை மறுபடி கூப்பிட வேண்டிவரும். அவர் மறுபடி எனிடெஸ்க் போடச் சொல்வார்.

கேள்வி: எல்லாவற்றையும் அழித்துவிட்டு டீம்வியூவரைப் புதிதாகப் போட்டேன். அதே பழைய அடையாள எண்ணே வருகிறது! (வாசகர், கோவை)

பதில்: அந்த எண் உங்கள் கம்ப்யூட்டரின் வன்பொருள் அடையாளத்தை ஒட்டி வருவது. அழித்தது அரைகுறை என்று நினைத்து வருந்த வேண்டாம். எனிடெஸ்க்கில் அப்படியில்லை, செட்டிங்ஸ் ஃபைல்கள் போனால் எண்ணும் போய்விடும். இரண்டும் ஜெர்மனிக் கம்பெனிகள்தான், அவை இருக்கும் கோப்பிங்கனும் ஸ்டுட்கார்ட்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். பழக்கம்தான் வேறு வேறு.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவரின் பேச்சை நம்பி, என் அம்மா மொபைலிலும் லேப்டாப்பிலும் எனிடெஸ்க் போட்டுவிட்டார். பணம் போய்விட்டது. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று இருக்கிறேன். (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: உங்களுக்கு மட்டும் என் பதில் தலைகீழ்: எதையும் அழிக்காதீர்கள். மற்றவர்களுக்குக் குப்பையாக இருக்கும் அந்த ஃபோல்டர் உங்களுக்குச் சாட்சி. எந்த எண்ணிலிருந்து, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்பது எனிடெஸ்க்கின் லாக் ஃபைல்களில் இருக்கும்.

முதலில் இரண்டின் இன்டர்நெட்டையும் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் உடனே பேசுங்கள். சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு. ரிசர்வ் வங்கி 2017-இல் போட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம் வாடிக்கையாளர் தலையில்தான். ஆனால் வங்கியிடம் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எனவே ஃபோனை வைத்துவிட்டு அம்மாவைத் திட்டலாம் என்று நினைக்காதீர்கள். திட்டவே வேண்டாம், எனிடெஸ்க் வழியாக இப்படி நடக்கிறது என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரிக்கும் அளவுக்கு ஏமாந்தவர்கள் இருந்தார்கள்.

லாக் ஃபைல்களை பென்டிரைவில் பிரதி எடுத்து, திரையைப் படம் எடுத்து, போலீசுக்கு வேண்டியதைக் கொடுத்த பிறகு அழியுங்கள். மொபைலில் எனிடெஸ்க்கோடு அதன் பிளக்இன் என்று தனியாக இன்னொரு ஆப் இருக்கக்கூடும். அதை விட்டுவிடாதீர்கள். அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில் வேறு எந்த ஆப்புக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் ஞாயிறுதோறும் டீம்வியூவரில் வந்து என் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் போகிறான். ஒவ்வொரு தடவையும் அழிக்க வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: வாராவாரம் வருகிற பிள்ளைக்கு எதற்கு ஐயா வாராவாரம் வழியனுப்பு விழா? அப்படியே இருக்கட்டும், நிரந்தர பாஸ்வேர்டு மட்டும் வேண்டாம். எதுவும் இன்ஸ்டால் செய்யப் பிடிக்கவில்லை என்றால் விண்டோஸிலேயே குயிக் அசிஸ்ட் இருக்கிறது. மகன் தன் பக்கத்திலிருந்து ஒரு செக்யூரிட்டி கோடு சொல்வார், அது சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். அதையும் மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் எச்சரித்திருக்கிறது. ஆகவே கோடு சொல்லும் குரல் மகனுடையதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் பத்தாம் வகுப்பில் கணக்கில் எத்தனை மார்க் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் நிச்சயம் அவர்தான்.